துருத்தில் சீக்குப் பறவை எத்தனை?

துருத்துக்குப் போகும் வேலை இனி உங்கள் இரண்டு பேருக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சந்தோஷம். பைனாகுலரை எப்படிப் பிடிப்பது, கூடுகளை எப்படி எண்ணுவது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்களை நான் சலிப்படைய வைக்கப் போவதில்லை. இருபத்தெட்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தவள் நான். அதில் நான் செய்த மிகப் பெரிய தவறைத்தான் சொல்லப் போகிறேன். இப்போது நினைத்தாலும், நல்லவேளை அதோடு போயிற்று என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறேன்.

காஞ்சிரங்குளம் பக்கத்தில் படகு பிடிக்கும் கடவில் நின்று பார்த்தால் ஆற்றுக்கு நடுவில் ஒரு பச்சைத் திட்டு தெரியும். அதுதான் துருத்து. சுற்றி நடக்கப் பத்து நிமிடம் போதும். கரையோரம் முழுக்கக் கைதை என்கிற தாழை, உள்ளே நாலைந்து தென்னை, மூங்கில், பூவரசு, பிறகு அந்தப் பெரிய புன்னை மரங்கள். மனிதர் யாரும் அங்கே குடியிருந்ததில்லை. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் சின்னக் கொக்கும் குருட்டுக் கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். நூற்றுக்கும் மேல் கூடுகள் இருக்கும். மாதம் இரண்டு முறை போய் எண்ணி வருவது என் வேலை. குன்னத்துகாலில் என் வீட்டிலிருந்து அதிகாலை பஸ் பிடித்து, நெய்யாற்றின்கரையில் மாறி, கடவுக்கு வந்து சேர ஏழு மணி ஆகும்.

முதல் வருடத்தில் நான் துருத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்த ஒரே நீர்க்காகக் கூட்டத்தை மூன்று முறை எண்ணி, நீர்க்காகம் பெருகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த மாதம் திருத்தினேன். அப்படித் தாளில் திருத்திவிடக்கூடிய தவறுகள் இந்த வேலையில் நிறைய உண்டு. அவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு வகை.

அந்த வருடம் வடக்கே சில மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் வந்திருந்தது. தாறாவுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று எரிப்பதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். தாறாவு என்று நாம் சொல்வது வாத்தைத்தான், உங்களில் ஒருவர் வெளியூர் என்பதால் சொல்கிறேன். நம் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் கோழி, தாறாவு வளர்க்கும் எல்லா வீட்டிலும் பயம் வந்திருந்தது. கடவுக்கு அருகிலேயே முந்நூறு தாறாவு வைத்திருந்தார்கள் ராஜமும் அவள் புருஷன் சுகுமாரனும். அந்தத் தாறாவுகளைத் தவிர அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. என்னைத் துருத்துக்கு வள்ளத்தில் கொண்டுபோகும் தங்கப்பன் அண்ணன் ராஜத்தின் கூடப் பிறந்தவர்.

ஒரு நாள் சாயங்காலம் பெரிய காற்றும் மழையும் அடித்தது. வெள்ளறடையிலிருந்து கடற்கரை வரை மரங்கள் விழுந்து, எங்கும் கறண்டு இல்லை. மறுநாள் காலை நான் கடவுக்குப் போனபோது ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. தூறல் விடவில்லை. கூடுகள் எத்தனை விழுந்தனவோ என்ற கவலையில் தங்கப்பன் அண்ணனோடு துருத்துக்குப் போனேன்.

கரையில் கால் வைத்ததும் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கொக்கு, சிறகை விரித்தபடி சேற்றில் செத்துக் கிடந்தது. நாலடி தள்ளி இன்னொன்று. பிறகு ஒரு வக்கா. எண்ணிக்கொண்டே போனேன். பதினொன்று. குஞ்சு ஒன்றுகூட இல்லை, எல்லாம் வளர்ந்த பறவைகள். காற்றில் கூடு விழுந்து குஞ்சு சாவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வளர்ந்த பறவை பதினொன்று ஒரே இரவில் செத்துக் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"பிள்ளே, இது வடக்க வந்த அந்தச் சீக்காக்குமா?" என்றார் தங்கப்பன் அண்ணன். அவர் வள்ளத்தைவிட்டு இறங்கவில்லை.

எதையும் தொடாமல் வள்ளத்துக்குத் திரும்பி, கரையை அடைவதற்குள்ளேயே அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மேலதிகாரி எடுத்தார். என்ன பார்த்தாய் என்று அவர் கேட்டார். பதினொரு பறவை செத்துக் கிடக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"சாறே, பறவைக் காய்ச்சலாக்கும். எனக்கு சந்தேகமே இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பயம் ஒரு காரணம். இன்னொன்றை வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும். அத்தனை வருட அனுபவம் உள்ளவள், தெரியாது என்று சொல்லக் கூடாது என்று ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது. எந்தப் பறவையைக் காட்டினாலும் பெயர் சொல்லிப் பழகிய வாய் இது. அன்று சாவுக்கும் ஒரு பெயர் சொல்லிவிட்டது.

தங்கப்பன் அண்ணன் கம்பை ஊன்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வள்ளம் கடவில் முட்டியதும், அதைக் கட்டக்கூட நிற்காமல் தங்கை வீட்டைப் பார்த்து ஓடினார்.

மேலதிகாரி கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுத்துவிட்டார். அந்த டாக்டரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. நெய்யாற்றின்கரைக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என்னைவிட இருபது வயது இளையவர். அதுவரை அவரிடம் நான் இரண்டு முறைதான் பேசியிருப்பேன். சின்னப் பெண், பறவையைப் பற்றி இவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்றுகூட நினைத்ததுண்டு. கொஞ்ச நேரத்தில் அவரே எனக்குப் போன் செய்தார். மலையாளத்தில்தான் பேசினார். ஓர்மையில் உள்ளதைத் தமிழில் சொல்கிறேன்.

"செத்தது பதினொன்று என்றீர்கள். சரி. சீக்காக நிற்பது எத்தனை?"

எனக்குப் புரியவில்லை. "பதினொன்று செத்துக் கிடக்கிறது டாக்டர்" என்று திரும்பவும் சொன்னேன்.

"அது கேட்டுவிட்டது. நோய் என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் சாகாது. கழுத்து திருகி நிற்பது, பறக்க முடியாமல் தள்ளாடுவது, சிறகைத் தொங்கப்போட்டு ஒடுங்கி இருப்பது, இப்படிச் சாவுக்கும் சுகத்துக்கும் நடுவில் சில பறவைகள் இருக்கும். அந்த மாதிரி எத்தனை பார்த்தீர்கள்?"

துருத்தில் அத்தனை நேரம் நான் தரையை மட்டும்தான் பார்த்திருந்தேன். தலையை நிமிர்த்தி உயிரோடு இருந்த பறவைகளைப் பார்க்கவே இல்லை. பறவை பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான்.

"பார்க்கவில்லை டாக்டர்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது. நான் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். முடிந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள். கரையில் இறங்க வேண்டாம், வள்ளத்தில் நின்றே பார்த்தால் போதும். நான் வரும்வரை யாரையும் இறங்கவும் விட வேண்டாம்" என்றார்.

போனை வைத்தபோதுதான் கடவைப் பார்த்தேன். அதற்குள் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். என் ஒரு வார்த்தை எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சந்தையில் கோழி வாங்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்களாம். ராஜம் தாறாவுக் கூட்டுக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பது தூரத்தில் தெரிந்தது.

தங்கப்பன் அண்ணனைத் தேடிப் பிடித்து, திரும்பப் போக வேண்டும் என்றேன்.

"நான் வரமாட்டேன் பிள்ளே. எனக்க வீட்டுலயும் கோழி உண்டு, கொச்சுப் பிள்ளைய உண்டு. வள்ளம் வேணுமெண்ணா எடுத்துட்டு போ."

துருத்துக்கும் கடவுக்கும் நடுவில் ஆறு அந்தப் பக்கம் ஆழம் குறைவு. சும்மா இருக்கும் நாட்களில் விளையாட்டுக்காக நான் கம்பு ஊன்றிப் பழகியிருந்தேன். கலங்கல் வெள்ளத்தில் அதுவரை செய்ததில்லை. இரண்டு முறை வள்ளம் திரும்பிவிட்டது. எப்படியோ துருத்தை ஒட்டிக் கொண்டுபோய், ஒரு கைதையின் அடிமூட்டில் கயிற்றைக் கட்டிவிட்டு, வள்ளத்தில் நின்றபடியே பைனாகுலரை எடுத்தேன்.

இந்த முறை மரத்தின் உச்சியிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு கூடாக, ஒவ்வொரு கிளையாக. ஒரு கொக்கு குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தது. ஒன்று மழையில் நனைந்த சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. வக்காக்கள் சுள்ளிக்காகச் சண்டை போட்டன. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்க முயன்றன. முக்கால் மணி நேரம் பார்த்தேன். கழுத்து திருகியது ஒன்று இல்லை. தள்ளாடியது ஒன்று இல்லை. ஒடுங்கி நின்றது ஒன்று இல்லை. அந்தத் துருத்தில் பறவைகள் இரண்டு வகையாகத்தான் இருந்தன. முழுக்க நன்றாக இருந்தவை, முழுக்கச் செத்தவை. நடுவில் ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகுதான் செத்தவை கிடந்த இடத்தைத் திரும்பப் பார்த்தேன். காலையில் துருத்தெல்லாம் கிடப்பதாகத் தோன்றியது. வள்ளத்திலிருந்து பார்த்தபோது, பதினொன்றும் ஒரே புன்னை மரத்தடியில் ஒடுக்கமான ஒரு பட்டை போலக் கிடந்தன. பைனாகுலரை அங்கிருந்து நேர் மேலே தூக்கினேன். இலைகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு. கறண்டு கம்பி.

அக்கரையில் தண்ணீர் இறைக்கும் ஒரு மோட்டார் புரை உண்டு, சின்னக் கொட்டகைதான். அதற்குக் கறண்டு கொண்டுபோகும் கம்பி துருத்துக்கு மேலேதான் போகும். துருத்தின் ஓரத்தில் அதற்கென்று ஒரு போஸ்டும் நின்றது. எத்தனையோ வருடமாக அந்தப் போஸ்டைத் தாண்டித்தான் நான் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் நோட்டில் எழுதியதில்லை, அது பறவை இல்லையே. முந்தின நாள் காற்றில் போஸ்ட் சாய்ந்து, கம்பி தொய்ந்து, புன்னையின் நனைந்த கிளைகளுக்குள் விழுந்து கிடந்தது. சாயங்காலம் அடைய வந்த பறவைகள் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் ஊரெல்லாம் கறண்டு போயிருக்கிறது.

பைனாகுலரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அது உறுதியா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

அந்த நிம்மதி இரண்டு நிமிடம்தான். பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். இரண்டு வள்ளத்தில் ஆறு பேர். முன் வள்ளத்தில் சுகுமாரன், மடியில் பெரிய அறுப்புவாள். மற்றவர்கள் கையில் வெட்டுகத்தி, ஒரு கேன் மண்ணெண்ணெய். வரமாட்டேன் என்ற தங்கப்பன் அண்ணன்தான் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வள்ளத்த மாத்தும்" என்றான் சுகுமாரன். "மரத்த வெட்டி, கூட்டோட தீ வச்சிட்டு போறோம்."

"எதுக்காக்கும் வெட்டுது?"

"மரம் இல்லேண்ணா கொக்கு வராது. கொக்கு வராட்டா சீக்கும் வராது. நிங்க தானே சொன்னிய, காய்ச்சலுண்ணு?"

"சொன்னேன். சொன்னது தப்பு மக்கா. தெரியாதுண்ணு சொல்லியிருக்கணும்."

"இப்ப தெரியாதுண்ணு சொன்னா ஆச்சா? ராஜம் காலையில இருந்து ஒரு வாய் வெள்ளம் குடிக்கல்ல. முந்நூறு தாறாவ கொல்லுவினும்ணு சொல்லி அழுதுட்டு கெடக்கா. அவளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

ஒன்று மட்டும் தெரிந்தது. அவர்கள் முதலில் வெட்டப் போவது, செத்த பறவைகள் கிடக்கும் அந்தப் புன்னையைத்தான்.

"அந்தப் புன்னையில கறண்டு கம்பி கெடக்கு. மேல பாரு" என்றேன்.

அவன் பார்த்தான். "கறண்டு நேத்தே போச்சுல்லா. செத்த கம்பியாக்கும் அது."

"போன கறண்டு எப்ப வரும்ணு உனக்கு தெரியுமா?"

"அக்கா, நிங்க கொக்குக்கு வேண்டி பேசுதிய. நான் எனக்க குடும்பத்துக்கு வேண்டி வந்திருக்கேன். மாறி நில்லும்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்த மரங்களில் இருந்த குஞ்சுகளையும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த நிமிடம் என் கண்ணில் நின்றது அவன்தான். ஈரச் சேறு, ஈர மரம், கையில் இரும்பு வாள்.

கைதை மூட்டில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, கம்பை ஊன்றி, என் வள்ளத்தை அவர்கள் வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவில் குறுக்கே தள்ளினேன். வள்ளங்கள் இரண்டும் இடித்துக்கொண்டன. நான் விழாமல் இருந்தது தெய்வச் செயல். ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டே மறுகையால் கறண்டு ஆபீசுக்குப் போன் போட்டேன். லைன் பிஸி. திரும்பப் போட்டேன். பிஸி. மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள். துருத்தில் கம்பி மரத்தில் விழுந்து கிடக்கிறது, ஆள் நிற்கிறது, லைன் கொடுக்காதீர்கள் என்று கத்தினேன். "எந்தத் துருத்து?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அறுந்துவிட்டது.

"நடிக்காண்டாம் அக்கா" என்று சொல்லிக்கொண்டு சுகுமாரன் வாளைத் தோளில் போட்டான். என் வள்ளத்தைச் சுற்றி நீரில் இறங்கி நடந்து போய்விடலாம் என்று விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டான். கால் தண்ணீரைத் தொடவில்லை.

"எலே, பத்து நிமிசம்" என்றேன். "பத்து நிமிசம் நில்லு. அது வரைக்கும் ஒண்ணும் நடக்கல்லேண்ணா நானே மாறி நிக்கேன். மரத்துக்க பக்கத்துல நானே உன்ன கூட்டிட்டு போறேன்."

அவன் தயங்கினான். தங்கப்பன் அண்ணன்தான் பேசினார். "பத்து நிமிசம் தானேடே, நில்லு."

நின்றார்கள். மழை கைதை இலையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை நிமிடம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்கரையில் ஏதோ ஒரு வீட்டில் நிறுத்தாமல் விட்ட டிவி திடீரென்று உரக்கப் பாட ஆரம்பித்தது.

அதே நொடியில் புன்னையின் உச்சியில் படீரென்று ஒரு சத்தம். நீலமாக ஒரு வெளிச்சம். கிளையிலிருந்து புகை எழுந்தது. துருத்தில் இருந்த அத்தனை பறவைகளும் ஒன்றாக மேலே கிளம்பின. அந்தக் கூச்சலுக்கு நடுவில் இரண்டு கொக்குகள் கல்லைப் போலச் சேற்றில் விழுந்தன. டிவி நின்றுவிட்டது. கறண்டு திரும்பவும் போய்விட்டது.

சுகுமாரன் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான். வாள் கையிலிருந்து நழுவி வள்ளத்துக்குள் விழுந்தது. விழுந்த இரண்டு கொக்குகளையும் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான்.

"அம்மே" என்றான். அவ்வளவுதான்.

தங்கப்பன் அண்ணன் அழுதார். நானும் அழுதேன். மண்ணெண்ணெய் கேன் வைத்திருந்தவன் அதை வள்ளத்தின் மூலையில், யாருக்கும் தெரியாமல் வைப்பது போல வைத்தான். மேலே வட்டமிட்ட பறவைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் கூட்டுக்கு இறங்கத் தொடங்கின.

கறண்டு ஆபீசுக்குத் திரும்பப் போன் போட்டு இடத்தைச் சொன்னேன். டாக்டர் வரும்போது மின்சார ஊழியர்கள் லைனை முழுக்க நிறுத்திவிட்டிருந்தார்கள். அவர் உறை மாட்டிக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு பறவையாகப் பார்த்தார். நாலைந்தின் கால்களில் கருகிய அடையாளத்தைக் காட்டினார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"அப்போ காய்ச்சல் இல்லைதானே டாக்டர்? நான் போய் எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா?"

"காலையில் ஒரு முறை சொல்லியாயிற்று" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "கறண்டுதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, தெரிவது வேறு. மாதிரி எடுத்து அனுப்புகிறேன். முடிவு வரும்வரை தாறாவுகளைத் திறந்துவிட வேண்டாம். கேட்கிறவர்களிடம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது, இன்னும் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்களே வீடு வீடாகப் போய்ச் சொன்னால் நல்லது."

போனேன். இரண்டு நாள் அந்தக் கரையோரம் முழுக்க நடந்தேன். "தெரியாது" என்ற சொல்லை என் வாழ்க்கையில் அவ்வளவு முறை நான் சொன்னதில்லை. சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் காப்பி கொடுத்தார்கள். கடவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டில் வயதான ஒருவர் என்னை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் புது மண் மூடிய ஒரு குழியைக் காட்டினார். அன்று காலையே செய்தி கேட்டுப் பயந்து, வளர்த்த இருபது கோழியையும் தானே கொன்று புதைத்துவிட்டாராம்.

"பேரப்பிள்ளைய இருக்குல்லா, பேடிச்சு போட்டேன்" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இந்தக் கதையில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்லும்போது அந்தக் குழியை விட்டுவிட்டுத்தான் சொல்கிறேன் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து அவருக்குப் பத்து கோழிக்குஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதனால் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள், காணாததற்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். செத்ததைப் பார்த்தால் உடனே தலையை நிமிர்த்தி உயிரோடு இருப்பவற்றைப் பாருங்கள். அதோடு, உங்களைவிட இளையவர் ஒரு கேள்வி கேட்டால் அதைக் காதில் வாங்குங்கள். அந்த டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் என்னைத் திரும்பத் துருத்துக்கு அனுப்பியது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் கடவில் நின்று அழுதுகொண்டிருந்திருப்பேன். சுகுமாரன் புன்னையில் வாளை வைத்திருப்பான். அதற்கு மேல் நினைக்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அன்று ஞாயிற்றுக்கிழமை. குன்னத்துகாலில் எங்கள் சர்ச்சில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பைக்குள் போன் அதிர்ந்தது. டாக்டரின் எண். பாதிப் பாட்டில் எழுந்து வெளியே ஓடினேன்.

"ஒன்றும் இல்லை" என்றார் அவர். "எல்லா மாதிரியும் சுத்தம். காய்ச்சல் இல்லை. இப்போது போய்ச் சொல்லலாம். தாறாவைத் திறந்துவிடலாம்."

நன்றி சொன்னேனா என்றுகூட ஓர்மை இல்லை. ராஜத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் என் போனை எடுத்ததே இல்லை. அதனால் சர்ச்சுக்குக் கட்டியிருந்த பட்டுச் சேலையோடு, பைபிளும் கையுமாக, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். நெய்யாற்றின்கரையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கடவு வரை ஆட்டோ போகாது. கடைசித் தூரத்தைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினேன்.

ராஜம் கூட்டுக்கு வெளியே நின்று தாறாவுகளுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் ஓடி வந்த கோலத்தைப் பார்த்துப் பயந்திருப்பாள். மூச்சு வாங்கியதில் எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

"என்னவாக்கும்? சொல்லும்" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. சீக்கு இல்ல. இப்ப டாக்டர் விளிச்சாவ. திறந்து விடு மக்கா."

"உறுதியாட்டா?" என்றாள்.

"உறுதியாட்டு. இது எனக்க வாய் வார்த்தை இல்ல, பரிசோதனையில வந்ததாக்கும்."

அவள் தவிட்டுச் சட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் கூட்டின் படலை இழுத்துத் திறந்தாள். ஒன்பது நாள் அடைந்து கிடந்த தாறாவுகள் முதலில் நம்பவில்லை. ஒன்று கழுத்தை நீட்டி வெளியே பார்த்தது. அடுத்தது அதை முட்டித் தள்ளியது. பிறகு முந்நூறும் ஒரே இரைச்சலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, என் காலுக்கு இடையில் புகுந்து, கரையில் உருண்டு, தொப்புத் தொப்பென்று ஆற்றில் விழுந்தன. சத்தம் கேட்டுச் சுகுமாரன் உள்ளேயிருந்து ஓடி வந்து, சட்டை போடாமலேயே இடுப்பளவு தண்ணீரில் அவற்றோடு இறங்கி நின்றான்.

ராஜம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

"அக்கா, எண்ணுது தானே நிங்களுக்க வேல? அங்க நிண்ணு எண்ணும். முந்நூறும் உண்டாண்ணு பாத்து சொல்லும்."

நான் எண்ண ஆரம்பித்தேன். இருபதோ முப்பதோ எண்ணியிருப்பேன். அதற்கு மேல் கண் மறைத்துவிட்டது.